போட்ஸ்வானாவிலிருந்து வந்த சாவு ஊர்வலம்

காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறார்கள். நான் ஆப்பிரிக்காவின் ஹெவி மெட்டல் பாட்டுக் கேட்கப் போகிறேன். ஊரிலிருக்கும் நீங்கள் சிரிக்கலாம், எனக்கு அதுதான் பிழைப்பு. ஆப்பிரிக்க நாடுகளுக்கான இசைச் சேனல் ஒன்றின் நிகழ்ச்சிகளைப் பார்த்து, வெட்டவேண்டியதை வெட்டி, கையெழுத்துப் போட்டு ஒளிபரப்புக்கு அனுப்பும் அலுவலகம் எங்களுடையது. பதினான்கு வருஷமாகியும் இங்கே மலையாளிகளுக்கு நான் தமிழ்நாட்டு 'அண்ணாச்சி'தான்.

அன்று போட்ஸ்வானா நிகழ்ச்சி, மதியம் ஒரு மணிக்கு ஒளிபரப்பு. திரையில், கொளுத்தும் வெயிலிலும் கறுப்புத் தோல் சட்டை, கௌபாய் தொப்பி போட்ட கூட்டம். இறந்துபோன பாடகன் ஒருவனின் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். முன்னால் லாரியில் டிரம்ஸும் கிட்டாரும் முழங்க, எல்லாரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நடந்தார்கள். என் மேலாளர் சிந்து மேடம் எட்டிப் பார்த்தார்.

"அய்யோ, இது மரணமோ உற்சவமோ? கட் செய்யணும் கேட்டோ அண்ணாச்சி. அல்லெங்கில் சத்தத்தையாவது எடுத்திடுங்க."

அந்த வாரம்தான் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். சரி மேடம் என்றேன். மணி பன்னிரண்டு இருபது.

சத்தத்தை எடுப்பது எனக்குப் புதிதில்லை. வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கொட்டு இல்லாமல் சாவு கிடையாது. அப்பா இறந்தபோது இந்த அலுவலகத்திலிருந்து காரில் ஆட்கள் வந்தார்கள். இவர்கள் ஊர் மரண வீட்டில் குரலை உயர்த்தக்கூட மாட்டார்கள். கூச்சம் பிடுங்கித் தின்றது. கொட்டுக்காரர்களைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். "அப்பாவ களவாண்டுட்டுப் போற மாதிரி கொண்டு போறியேல" என்றாள் அக்கா. அதன்பிறகு அவளாக என்னிடம் பேசியதில்லை.

வெட்டும் முன் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. போன் போட்டேன், மசேகோ என்ற பெண் எடுத்தாள். இந்தக் கூச்சலை அப்படியே காட்டினால் இறந்தவரின் குடும்பத்தார் மனம் புண்படுமோ என்று ஆங்கிலத்தில் இழுத்தேன்.

"செத்தது என் அண்ணன். முன்வரிசையில் கத்திக்கொண்டு நடப்பது என் அம்மா. நீங்கள் பார்க்கவில்லையா? இப்போது டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள்."

பார்த்திருந்தேன். யாரோ ரசிகை என்று நினைத்துவிட்டேன், என்னை எதால் அடிப்பது?

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம். சிந்து மேடத்திடம் போய், வெட்டவில்லை, சத்தமும் இருக்கும் என்றேன்.

"பிரச்னம் வந்தா உங்க பேர்தான் மேலே போகும். எந்தா, உங்க நாட்டிலும் இப்படியோ?"

"ஆமா மேடம். எங்க ஊர்லயும் இப்படித்தான்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

திரையில் ஊர்வலம் ஓடத் தொடங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான். எடுத்தாள். அறை முழுக்க டிரம்ஸ் அதிர்ந்தது.

"என்னல சத்தம்? அங்க எதும் சாவா?"

"ஆமாக்கா."

"யாரு, நம்ம ஆளா?"

"நம்ம ஆளுதான்க்கா" என்றேன். முதுகுக்குப் பின்னால் யாரோ சத்தம் தாங்காமல் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.