புஷ்பம் அக்கா தெபோரா ஆன கதை

போன கிழமை லண்டன் கோலியர்ஸ் வுட் சூப்பர்மார்க்கெட்டில் பாதித் தேங்காய் ஒன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் நின்ற இடத்திலேயே தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் தன் கூடையை மெல்ல அப்பால் நகர்த்தினாள். அவளுக்குச் சொல்ல முடியாத காரணத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு பாதித் தேங்காய் பெரிய மனிதர்போல வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு. யூத மார்க்கத்தில் இறைச்சியோடு பால் சேர்க்கக்கூடாது. தேங்காய்ப்பால் பசுவின் பால் அல்லவே, அதனால் குற்றமில்லை. ஆனால் விருந்துக்கு வரும் யூதர்களுக்குக் கோழிக்கறியின் வெள்ளைக் குழம்பைப் பார்த்தால் திக்கென்றிருக்குமே. ஆகையால் சட்டியின் பக்கத்தில் சாட்சிக்கு ஒரு தேங்காய். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் என் அக்கா, மரியபுஷ்பம். யாழ்ப்பாணக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்.

எண்பதுகளின் கடைசியில் அக்காவும் நானும் கோலியர்ஸ் வுட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அண்ணை குடும்பத்தோடு கொஞ்சம் தள்ளி, சட்டன் என்கிற ஊரில் இருந்தார். ஞாயிறு பூசையில் பாட்டுக்குழுவில் முன்வரிசை. அக்கா பூசைக்குப் போவதை நிறுத்தி அப்போது சில வருடம் ஆகிவிட்டது. சின்ன வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் “கடவுளை ஆர் படைச்சது?” என்று கேட்டு, முழங்காலில் நின்றவள். பிறகு ஊரில் நடந்ததெல்லாம் நடந்து லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது, அவளிடம் கேள்விகள் கூடியிருந்தன, செபம் குறைந்திருந்தது.

அவள் வேலை செய்த மருந்துக்கடை முதலாளி ஒரு யூதர். மாரிகால வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயுமுன் கடையைப் பூட்டிவிடுவார். ஏன் என்று அக்கா கேட்டாள். ஓய்வுநாள் தொடங்குகிறது என்றார். அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று அக்கா தொடர, மனிதர் களைத்துப்போய், “எனக்குத் தெரியாது, ராபியைக் கேள்” என்று தப்பித்துக்கொண்டார். ராபி அவர்களுக்கு எங்கள் பங்குச் சுவாமியார் மாதிரி. அவர் அக்காவின் கேள்வியைக் கேட்டுவிட்டு, “நல்ல கேள்வி, இதற்கு நாங்கள் இரண்டாயிரம் வருடமாகச் சண்டை பிடிக்கிறோம்” என்றாராம். அன்று அக்கா வீட்டுக்கு வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மற்றப் பெண்களுக்குக் கலியாணம் பொருந்தினால் வருகிற முகம்.

ஆனால் சேருகிறேன் என்று கேட்டபோது ராபி மறுத்துவிட்டார். நல்ல கத்தோலிக்கப் பெண்ணாக இருந்துகொள் என்றார். கேட்டு வருகிறவரை முதலில் திருப்பி அனுப்புவது அவர்கள் வழக்கமாம். அக்காவின் சுபாவம் தெரியாமல் செய்துவிட்டார்.

“வராதை எண்டு சொன்னாப் பிறகு போகாமல் இருக்கேலுமே?” என்று காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு மறுபடி கிளம்பினாள்.

அண்ணைக்குச் செய்தி போனது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “ஆர் பெடியன்?”

எந்தப் பையனுக்காகவும் மாறவில்லை என்று அக்கா சொன்னாள். அண்ணை நம்பவில்லை. “நீ ஒருக்கா அவளோடை போய்ப் பார்” என்று என்னை அனுப்பினார். அக்காவும் “வா, வந்து நல்லாத் தேடு” என்று யூதர்களின் செபக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். தலைக்கு ஒரு சின்னத் தொப்பி தந்தார்கள், அது நாலு தரம் விழுந்தது. எபிரேயம் விளங்காமல் நானும் கொஞ்சம் தூங்கிவிழுந்தேன். இடையில் ஆண்கள் பக்கத்தை நன்றாக ஆராய்ந்தேன். எல்லாம் நரையும் வழுக்கையும், ஒருவருக்காவது தலைமயிர் கறுப்பாக இல்லை.

ராபி ஒருவழியாகச் சம்மதித்து, படிப்பும் முடிய மூன்று ராபிமார் முன்னால் விசாரணை. விட்டுக்கொடுக்க எது மிகக் கஷ்டம் என்று கேட்டார்கள். அக்கா யோசிக்கவே இல்லை: “நண்டு.” செதிலில்லாத கடலுணவு யூதர்களுக்கு விலக்கு. நண்டு, இறால், கணவாய் மூன்றையும் ஒரே நாளில் துறந்த கடற்கரைப் பெண் உலகத்தில் வேறு யாரும் இருப்பாளோ தெரியாது. பிறகு ஞானஸ்நானம் மாதிரி ஒரு தொட்டித் தண்ணீரில் முழுதாக முங்கி எழவேண்டும். அக்காவின் தலைமயிர் மிதந்துவிட்டதாம், திரும்ப முங்கு என்றார்களாம். “நான் கடலிலை முங்கினவள், எனக்கு இந்தத் தொட்டிக்குள்ளை ஏலாமல் போச்சு” என்று வந்து வெட்கப்பட்டாள். வேதாகமத்தில் இப்படி மாறிவந்தவளின் பெயரென்று, புதுப்பெயருக்கு எல்லோரும் ரூத் என்றுதான் வைப்பார்களாம். அக்கா தெபோரா என்று வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்து நீதிபதி ஒருத்தியின் பெயர். பொருத்தம்தான்.

அண்ணை சிரிக்கவில்லை. “கோயிலிலை நான் எந்த முகத்தோடை நிண்டு பாடுறது?” என்றவர், எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். இரண்டு வருடம் போல. அக்கா அதைப்பற்றிக் கதைக்கமாட்டாள். எதையோ துடைத்துக்கொண்டு, “அண்ணைக்கு இருமல் மாறிட்டுதே?” என்று மட்டும் கேட்பாள். கடையிலிருந்து இருமல் மருந்து என் கையில் சட்டனுக்குப் போகும். அண்ணை போத்தலைத் திருப்பிப் பார்ப்பார். ஆர் தந்தது என்று கேட்கமாட்டார். குடிப்பார்.

தொண்ணூறுகளில் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தா. அண்ணையும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டால் அங்கே பேச்சுத்துணை இல்லை என்று கொஞ்ச நாளில் எங்களிடம் வந்துவிட்டா. அம்மாவைப் பார்க்கவேண்டுமானால் அண்ணை எங்கள் படியேறத்தான் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, ஓய்வுநாளுக்கு அக்கா மெழுகுதிரி கொளுத்துகிற நேரம் பார்த்து, வந்தார். கையில் ஒரு பை. அம்மாவுக்கென்று டூட்டிங் மீன்கடையில் வாங்கிய நீலக்கால் நண்டு.

அக்கா கதவைத் திறந்தாள். பையைப் பார்த்தாள். அண்ணையைப் பார்த்தாள்.

“அண்ணை வரலாம்,” என்றாள். “நண்டு வரேலாது.”

அண்ணையின் முகம் சிவந்தது. திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: “நண்டைக் காருக்குள்ளை வைச்சிட்டு வா ராசா. புஷ்பம், நீ உன்ரை திரியைக் கொளுத்து, நான் என்ரை செபமாலையைச் சொல்லுறன். சண்டை பிடிக்கச் சாப்பிட்டாப் பிறகு நேரம் கிடக்கு.”

அண்ணை கீழே போனார். கார் கிளம்பும் சத்தத்துக்காக அக்கா தீப்பெட்டியும் கையுமாக நின்றாள். படியில்தான் சத்தம் கேட்டது. அவர் வந்து உட்கார்ந்தார், தேங்காயைப் பார்த்து இது என்ன கூத்து என்று கேட்டார், கோழிக்கறியை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். பிறகு இருவரும் அம்மா சொன்னபடியே சண்டை பிடித்தார்கள். அண்ணையின் கார் ஒரு மாதம் மணத்தது.

அன்றிரவு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்ப உண்மையா அங்கை ஒரு பெடியனும் இல்லையோ?” என்று கேட்டா. இல்லையென்றேன். அம்மாவுக்கு அவ்வளவு ஏமாற்றம்.

அதன்பிறகு அண்ணை வெள்ளிக்கிழமை தவறவில்லை. அம்மா காலமான பிறகும் வந்தார். ஓய்வு பெற்றதும் மகனிடம் கனடாவுக்குப் போனார். அங்கிருந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பது எப்போதும் சனிக்கிழமை. ஓய்வுநாளில் அக்கா தொலைபேசியைத் தொடமாட்டாள், எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு மறந்துவிடும். அல்லது மறந்ததுபோல நடித்தாரோ. மணியடிக்கும்போது நான் எழுந்தால், “விடு, அண்ணைதான், அடிக்கட்டும்” என்பாள். வாசிக்கிற புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மணி ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். “சுகமாத்தான் இருக்கிறார்,” என்பாள். ஓய்வுநாள் முடிந்து இருட்டியதும் இவள் எடுத்தால், “எங்கை போனனீ?” என்று அவர் ஏசுவது எனக்கே கேட்கும்.

போன மாரியில் அண்ணை கனடாவிலேயே கண்ணை மூடிவிட்டார். இப்போது சனிக்கிழமைகளில் எப்போதாவது விளம்பரக்காரர் யாராவது அடிப்பார்கள். அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். மணி நின்றதும் புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்தைத் தேடுகிறாள்.