விரிக்காத குடை

எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கறுப்புக் குடை, நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு வாங்கியது. அப்போது வாலிகண்டபுரத்தை அடுத்த இந்தச் சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியர். முதல் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் போய் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வெயிலில் சேரிவரை நடக்க வேண்டுமே என்று குடை வாங்கினேன். பண்ணையார் தம் வாசலிலேயே மறித்துவிட்டார். "எதுக்கு சார் அலையறீங்க? உட்காருங்க. எம் பண்ணையாளுங்க பேரு எனக்குத் தெரியாதா?" நாற்காலி வந்தது, காப்பி வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் வீட்டுப் பெண்களுக்கு முழுப்பெயர்; சேரிப் பெண்கள் எல்லோரும் இன்னான் பெண்சாதி. "அதுங்களுக்குப் பேரு எதுக்கு சார், கூப்பிட்டா ஓடியாரும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சுவரில் சாத்திய குடையை அன்று முழுவதும் விரிக்கவில்லை.

பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டியபோது, பண்ணையில் நாற்று நடும் ஒருத்தி சேற்றுக்காலோடு வந்து, "எம் பேரு இருக்கா வாத்தியாரய்யா?" என்றாள். அவள் புருஷன் பெயரைப் படித்து, பெண்சாதி என்று முடித்தேன்.

"அது அந்த மனுசன் பேருல்ல? ஓட்டுப் போடப் போறது நானு."

கூட வந்தவள் இடித்துக் காட்டினாள். "ஆமா, இவ ஓட்டுலதான் ஊரு நிமிரப் போவுது!"

"நிமிராட்டிப் போவுது. எழுதிக்கங்கய்யா" என்று தன் பெயரை இரண்டு தடவை சொன்னாள்.

சொந்தப் பெயர் இல்லாத பெண்களை நீக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். திருத்தப் படிவம் என் மேசைக்குள் இருந்தது. "பண்ணையாரைக் கேட்டுக்கிட்டு வா" என்றேன். அவள் கேட்கப் போனாள். மறுநாளிலிருந்து அவளுக்கும் புருஷனுக்கும் பண்ணையில் வேலை இல்லை. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பட்டியலில் அவள் வரியின்மேல் கோடு விழுந்தது. அவளைத் தடுக்க யாரும் தடி எடுக்கவில்லை. படித்தவனான நான் ஒருவன் போதுமாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

இப்போது என் மகளும் ஆசிரியை. அதே வாக்காளர் பட்டியல் வேலைக்கான தாள்கள் அவளுக்கு வந்திருந்தன. இன்று காலை குடையை எடுத்து நீட்டினேன்.

"குடை எதுக்குப்பா? பிரசிடென்ட் வூட்டு ஜீப் வருது. அங்கயே உட்கார்ந்து எழுதிக்கலாம்னுட்டாரு."

பஞ்சாயத்து பிரசிடென்ட் அந்தப் பண்ணையாரின் மகன். எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று மகள் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது. அன்று எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். வாசலில் ஹாரன் அடித்தது. "போயிட்டு வரேம்பா" என்று ஏறிக்கொண்டாள்.

குடையை மறுபடி ஆணியில் மாட்டினேன்.