துவைக்காமல் வைத்த துணி

காலை ஆறு நாற்பதுக்கு மருத்துவமனையின் சலவைக்கூடத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் துணி உலர்த்தும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். என் அண்ணனோடு பத்தொன்பது வருடம் ஒரே ஷிப்டில் நின்றவர். "பாப்பா" என்று ஆரம்பித்தார். என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் அண்ணன் ஒருவர்தான். நாற்பத்தாறு வயதுக்காரியை வேறொருவர் பாப்பா என்றதுமே எனக்குச் செய்தி தெரிந்துவிட்டது.

"மடிச்சுக்கிட்டே இருந்தாரும்மா. அப்படியே மேசைமேல தலையைச் சாய்ச்சார். தூங்கறார்னு நினைச்சு நாங்க கிண்டல் வேற பண்ணிட்டோம்..."

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் கையிலிருந்த புல்லை எங்கள் முயல் இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் அழ ஆரம்பித்த பிறகும் அது ஒவ்வொரு தாளாக இழுத்துக்கொண்டேயிருந்தது. புல் தீரும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அந்தச் சலவைக்கூடம் மருத்துவமனைக் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. ஒரு கதவு வழியாக அழுக்கு மூட்டைகள் வரும். எதிர்க்கதவு வழியாக வெள்ளை அடுக்குகள் போகும். ஜன்னல் கிடையாது. மதியமா மாலையா என்று தெரியாது. நீராவியில் விளக்குகளெல்லாம் விளிம்பு கரைந்து நிற்கும். சூடான உருளைகளின் நடுவிலிருந்து படுக்கை விரிப்புகள் மெதுவாக இறங்கிவரும். அண்ணன் ஒரு முனையையும் இன்னொருவர் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வருவார்கள். நான் சாவி கொடுக்கவோ சாப்பாடு கொடுக்கவோ போகும்போது, கூப்பிடாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். தூக்கத்தில் நடக்கிறவர்களைப் பார்ப்பதுபோல இருக்கும்.

முப்பத்தோரு வருடம் அங்கே மடித்தார். அவருக்கு அங்கே பெயர் மடிப்பு. வீட்டிலும் அப்படித்தான். செய்தித்தாள், காய்கறிப் பை, மருந்துச் சீட்டு எது அவர் கையில் பட்டாலும் நாலாக மடிந்து ஓரம் சேர்ந்துவிடும். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில், "என்னை மடிக்கிறதுக்கு ஆள் தேடாதீங்க" என்று சொல்லித் தப்பித்தார். என் கணவர் இறந்தபின் நான் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டபோது, என் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி மடித்து வைத்தார்.  அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

நாலு மாதத்துக்கு முன் ஒருநாள் சாப்பாட்டுப் பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன அண்ணா, எதைத் திருடிட்டு வந்தே?"

"சத்தம் போடாதே. முதலாளி தூங்கறார்."

பைக்குள் தலையணை உறை. உறைக்குள் என் உள்ளங்கையளவு சாம்பல் நிற முயல்குட்டி. உலர்த்துபவர் வீட்டில் தாய் முயல் செத்துவிட்டதாம். மூன்று வாரக் குட்டிகள் ஐந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். காதுகள் இன்னும் முழுதாக நிமிரவில்லை. மூக்கு மட்டும் ஓயாமல் அசைந்தது.

அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வந்தார். பூனைக்குட்டிக்கான பால்மாவு, ஊசியில்லாத சிரிஞ்சு. நாளைக்கு இரண்டு வேளை. தாய் முயலும் அதற்குமேல் கொடுக்காதாம். மல்லாத்திப் பிடித்தால் புரையேறும், நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். முரட்டு விரல்களால் அதைப் பிடித்தபடி, ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழும்வரை அவர் மூச்சே விடமாட்டார்.

"முதலாளிக்கு இவ்வளவு மரியாதையா? எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்ததில்லையே" என்றேன்.

"நீ கேட்டு வாங்கிக்குவே. இதுக்கு வாயே இல்லையே, பாப்பா."

பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "இத்தனை வருஷமா எத்தனை பேர் படுத்த துணியை மடிச்சிருப்பேன். எவன் பிழைச்சான், எவன் போனான், ஒண்ணும் தெரியாது. துணி மட்டும்தான் கீழே வரும். இது ஒண்ணு பிழைக்கிறதைக் கண்ணால பார்த்துடணும்."

இரண்டு நாள் நன்றாகக் குடித்தது. மூன்றாம் நாள் பெட்டியின் மூலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பால் வாயோரம் வழிந்தது. நாலாம் நாள் காலையில் தொட்டால் நடுக்கம் தெரிந்தது. விடுப்பு எடுக்காத மனிதர் விடுப்பு எடுத்தார். நானும் கூடப் போனேன்.

மருத்துவர் இளம்பெண். குட்டியைப் பார்ப்பதற்கு முன் தலையணை உறையைத் தூக்கிப் பார்த்தார்.

"துணி பளிச்சுன்னு இருக்கே. யார் துவைச்சது?"

"நான்தான் டாக்டர்." அந்த நிலையிலும் அண்ணன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"எத்தனை தடவை?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெந்நீர்ல ஊறவச்சு, மூணு தண்ணில அலசி, அயர்ன் பண்ணி... முதல்ல முடி நிறைய ஒட்டியிருந்தது. அதையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துட்டேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. "சார், அது தாய் பிடுங்கிப் போட்ட முடி. குட்டி கண் திறந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. மூக்காலதான் வீட்டை அடையாளம் வச்சிருக்கு. நீங்க தினம் ரெண்டு தடவை அந்த வீட்டை இடிச்சுட்டு, புது வீட்ல கொண்டுபோய் விடறீங்க."

நீர்ச்சத்துக்கு மருந்து போட்டார். இன்றைக்குள் குடிக்கவில்லை என்றால் கஷ்டம் என்றார்.

பேருந்தில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே மழை வரும்போல மங்கிய வெளிச்சம். "கறை போனா போதும்னு நினைச்சேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, எங்கள் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் வந்தார். தலையில் வைக்கோல், முழங்கையில் ஏதோ பிசுக்கு. உலர்த்துபவரின் மனைவி அன்று காலையில்தான் கூட்டைத் துப்புரவாக்கி எல்லாவற்றையும் குப்பைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்கடியில் வைத்திருக்கிறார். அண்ணன் அங்கேயே உட்கார்ந்து சாக்கைக் கொட்டித் துழாவியிருக்கிறார். செய்தித்தாளைத் தொட்டாலே கை கழுவுகிற ஆள். சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி சாம்பல் முடியை எடுத்தார்.

அதை உறையில் வைத்து, குட்டியின் முகத்துக்குப் பக்கத்தில் விட்டார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் மழை பிடித்தது. அறைக்குள் நீலம் கூடிக்கொண்டே வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. முதலில் மூக்கு அசைந்தது. பிறகு கழுத்து. பிறகு குட்டி முழுவதும், மெல்ல மெல்ல, அந்த முடிக்குள் நுழைந்தது. அண்ணன் எடுத்துப் பிடித்தார். முதல் சொட்டு வழிந்தது, இரண்டாவதும். மூன்றாவது சொட்டைத் தேடி நாக்கு வந்தது.

"குடிக்குது" என்றேன்.

"பேசாதே" என்றார். அவர் கண்ணாடி பனித்திருந்தது.

அந்த உறையைப் பன்னிரண்டு நாள் அவர் துவைக்கவில்லை. தன் வாசனையும் அதற்குப் பழகட்டுமென்று, வீட்டில் போடும் சட்டையையும் துவைக்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, உறையைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்.

ஐந்தாம் நாள் உலர்த்துபவர் பார்க்க வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். "யோவ் மடிப்பு, ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிற ஆள் நீ. உன் சட்டையை நாய்கூட மோந்து பார்க்காது."

"நாய் எதுக்குய்யா? மோந்து பார்க்கவேண்டியவர் பார்த்துட்டார்."

ஐந்தில் இரண்டு குட்டிகள்தான் பிழைத்தன. ஒன்று இது. உலர்ந்த புல், பிறகு வாரத்துக்கொரு புதுக் கீரை, அதுவும் முதல் நாள் ஒரே ஒரு இலை. சாயங்காலங்களில் அண்ணன் சமையலறைத் தரையில் அசையாமல் படுத்துக்கிடப்பார். முயல் அவர் வயிற்றில் ஏறி, மார்பைக் கடந்து, தாடைக்கடியில் சுகத்தில் பல்லை மெல்ல நறநறத்தபடி கண்ணைச் சொருகும். பல சமயம் இரண்டு பேரும் தூங்கிவிடுவார்கள். நான் விளக்கைப் போடாமல் சுற்றிப் போவேன்.

போன வாரம், "முதலாளி வளர்ந்துட்டார். இந்த ஒரு அறை பத்தாது, கூடத்தையும் திறந்துவிடலாம்" என்றார். முயல் வயரைக் கடிக்கும், ஷாக் அடித்தால் ஒரு நொடி தாங்காது. அதனால் மீன்தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயை வாங்கி, நீளவாக்கில் கீறி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வயர்களுக்கு உறையாக ஏற்றிக்கொண்டிருந்தார். மறுநாள், அந்தப் போன் வந்த நாள், காலை ஐந்து மணி ஷிப்ட் என்பதால் சீக்கிரமே படுக்கப் போனார்.

கூடத்தில் ஐந்து வயர்கள். நான்குக்கு முழுதாகக் குழாய் ஏறிவிட்டது. ஐந்தாவது மேசை விளக்கினுடையது. அதில் ஒரு முழம் மட்டும் ஏறியிருக்கிறது, மீதி வெறும் வயராக இருக்கிறது.