மலையேறாத தீப்பெட்டி

எங்கேயாவது கிளம்புவதென்றால் எனக்கு இன்றைக்கும் பதற்றம்தான். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் பாதித் தெரு போனபின் திரும்பி வந்து பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன். பேனா எழுதுமா எழுதாதா என்று கவலைப்பட்டே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவள் நான். அப்படிப்பட்டவளை நம்பி, பத்து வயதில், ஒரு தீப்பெட்டியைக் கையில் கொடுத்தார் அப்பா.

அப்பாவுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பொறி தெறித்து, வலது கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் வீட்டில் கிடந்தார். பார்வை திரும்பினால் குலசாமிக்கு மலையில் பொங்கல் வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். பார்வையும் திரும்பியது. எங்கள் குலசாமி மேற்கு மலையில், நடந்தால் அரைநாள் ஏறவேண்டிய ஒரு பாறையடியில் இருக்கிறது. சாயந்தரமே ஏறி, ராத்தங்கி, விடியும்போது முதல் வெயில் சாமிமேல் விழுவதற்குள் பானை பொங்கவேண்டும். அதுதான் முறை. முறை தப்பினால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன். "கண்ணு குடுத்த சாமிக்குச் சொன்ன சொல்லத் தப்பலாமா?" என்றாள். அதிலிருந்து நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பானை பொங்காவிட்டால் அப்பாவின் கண் போய்விடும்.

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் ஏற்பாடு தொடங்கியது. அம்மாவின் தம்பியான மாமா, சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சாபீஸில் இருந்தார். மலையேறுவது பற்றி செல்போனில் நிறையப் பார்த்துவிட்டு, முதுகில் மாட்டும் பெரிய பை ஒன்றையும் நைலான் விரிப்பு ஒன்றையும் ஒரு சின்ன காஸ் அடுப்பையும் வாங்கிக்கொண்டு வந்தார். கனமான சாமானை முதுகை ஒட்டி வைக்கவேண்டும், லேசானதை அடியில் வைக்கவேண்டும், புதுச் செருப்போடு ஏறக்கூடாது என்றெல்லாம் எங்களுக்குப் பாடம் எடுத்தார். நாலு நாள் சாயந்தரம் ஆளுக்கொரு பையில் செங்கல்லைப் போட்டு, கண்மாய்க் கரையில் எங்களை நடக்கவிட்டார். வழியில் பார்த்தவர்கள், எங்கே வீடு கட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தவர் அப்பாதான். அவருக்குத் தெரிந்தது கம்பெனிச் சட்டம் ஒன்றுதான். நைலான் ஆகாது, உரசினால் பொறி வரும். பருத்தித் துணிதான். இரும்பு ஆகாது, கல்லில் பட்டால் பொறி வரும். ஆகவே கத்தி வீட்டில் நின்றது. பித்தளைப் பானை, மரக்கரண்டி மட்டும் பைக்குள் போயின. காஸ் அடுப்பைப் பார்த்ததும் அப்பா எழுந்து முற்றத்துக்கே போய்விட்டார்.

"ஏலே மாப்ள, அந்தச் சிலிண்டரத் தூக்கிட்டு என் பக்கத்துல வராத."

"மச்சான், நாம போறது மலைக்கு. மருந்து ரூமுக்கு இல்ல."

"எங்க போனா என்ன? பொறிக்குக் கண்ணா தெரியும்?"

"அப்ப பொங்கலப் பச்சையாவா வைக்கப் போறீக?"

கடைசியில் அப்பா ஒரே ஒரு தீப்பெட்டிக்குச் சம்மதித்தார். ஆனால் தான் தொடமாட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சட்டைப் பையையும் மடியையும் தடவி, தீப்பெட்டி இருந்தால் எடுத்துச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவது அவருடைய இருபது வருஷப் பழக்கம். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் தடவுவதற்கு முன்னால் அவரே தடவிவிடுவார். "தீப்பெட்டி ஓம் பொறுப்பு தாயி," என்று என்னிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பையின் பக்கவாட்டில் வைத்தேன். நசுங்குமோ என்று டிபன் டப்பாவுக்கு மாற்றினேன். டப்பாவில் தண்ணீர் சொட்டுமோ என்று பாவாடைக்குள் சொருகினேன். கிளம்புகிற அன்று காலையிலேயே வானம் மூட்டமாக இருந்தது. குச்சி நமத்துவிட்டால்? தண்ணீரில் விழுந்த செல்போனை மாமா அரிசிக்குள் புதைத்துக் காயவைத்தது ஞாபகம் வந்தது. அடுப்படியில் இருந்த அரிசித் தகரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தீப்பெட்டியைப் புதைத்தேன். கடைசி நிமிஷத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா கத்தினாள். ஓடினேன். வாசலில் அப்பா என்னைப் பிடித்து நிறுத்தி, "கையெல்லாம் என்ன தாயி தவிடு?" என்று என் முழங்கையைத் தட்டிவிட்டார். அப்புறம் பஸ்ஸைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை.

மேலே போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது, தூறலும் பிடித்துக்கொண்டது. அம்மா மூன்று கல்லைக் கூட்டி, பாறை இடுக்கில் கிடந்த காய்ந்த சுள்ளியைப் பொறுக்கி வைத்து, சுக்குக் காப்பி போட்டுத் தருகிறேன், தீப்பெட்டியைக் கொண்டா என்றாள்.

பையின் பக்கவாட்டைப் பார்த்தேன். டிபன் டப்பாவைப் பார்த்தேன். பாவாடையைத் தடவினேன். பிறகுதான் அரிசித் தகரம் நினைவுக்கு வந்தது. அந்தக் குளிரில் எனக்குக் காது இரண்டும் கொதித்தன.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஏனோ என் முழங்கையைப் பார்த்தார்.

"அவகிட்ட இல்ல," என்றார். "கெளம்புறப்ப பழக்க தோசத்துல அவ பையத் தடவி எடுத்து, சன்னல்ல வச்சிட்டு வந்துட்டேன்."

பிறகு மாமா பாறையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஊரு ஒலகத்துக்கே தீப்பெட்டி அனுப்புற ஊர்லருந்து வந்திருக்கோம் மச்சான். இந்த வாரம் மட்டும் நான் எம்புட்டு லேபிளு அடிச்சேன் தெரியுமா? எதுக்கு, கழுத்துல மாலையாப் போட்டுக்கவா?"

அம்மா சிரிக்கவில்லை. "உங்க கண்ணுக்குத்தானங்க நேர்ந்தேன்," என்று மட்டும் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் அரிசியில் வைத்தது நிஜமில்லை. அதற்குப் பிறகு எடுத்துப் பைக்குள் வைத்திருப்பேன். எத்தனை தரம் மாற்றினேன், எதுதான் ஒழுங்காக ஞாபகம் இருக்கும்? தப்பு என்னுடையதல்ல என்றதும் முதலில் வந்தது நிம்மதி. அடுத்ததாக, வெட்கத்தோடு சொல்கிறேன், அப்பாமேல் கோபம் வந்தது.

ஊறவைத்த அவலைத் தின்றோம். பருத்திப் போர்வையெல்லாம் தூறலைக் குடித்துக் குடித்துக் கல்லாகக் கனத்தது. அப்பாவுக்குத் தெரியாமல் பையின் அடியில் ஒளித்துக்கொண்டுவந்திருந்த நைலான் விரிப்பை மாமா இரண்டு பாறைக்கு நடுவே இழுத்துக் கட்டினார். அம்மாவும் நானும் நுழைந்துகொண்டோம். அப்பா வெளியில் ஈரப் போர்வையோடு குந்தியிருந்தார்.

"உள்ள வாங்க மச்சான். பத்த வைக்க ஒண்ணுமில்லாம நனைஞ்சு போய்க் கெடக்கோம், இதுல என்ன பொறி வரும்?"

அப்பா உள்ளே வந்தார். ஒரு முழங்கால் மட்டும் விடியும்வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அவர் வலது கண்ணைப் பார்த்தபடியே கிடந்தேன். இமைக்கிறதா, இமைக்கிறதா என்று.

விடிவதற்குச் சற்று முன் கீழே பேச்சுக்குரல் கேட்டது. காரியாபட்டிப் பக்கத்திலிருந்து சாமி கும்பிட இரண்டு பெரியவர்கள் ஏறி வந்தார்கள். மாமா இறங்கி ஓடினார். "அண்ணாச்சி, தீப்பெட்டி இருக்குமா?"

"இருக்கே. நீங்க எந்தூருலருந்து வாரீக?"

மாமா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். அம்மாதான் மேலேயிருந்து, "சிவகாசிப் பக்கம்ண்ணே," என்றாள்.

அவர் தன் கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "நெல்லு வெளையுற சீமக்காரன் எங்க பொட்டக்காட்டுக்கு வந்து வெதநெல்லுக் கேட்டமாரி இருக்கே," என்றபடி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாமா வாங்கி லேபிளைத் திருப்பிப் பார்த்தார். அவர் அச்சாபீஸில் அடித்ததுதான். பெட்டியில் நாலு குச்சி இருந்தது. மூன்று நமத்திருந்தது. நாலாவது பற்றிக்கொண்டது.

ஈரச் சுள்ளி புகைந்துகொண்டேயிருந்தது. வெளிச்சம் வந்துவிட்டது. பானை அசையவில்லை. நான் கிழக்கையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தேன். புகையில் அப்பாவின் வலது கண்ணில் நீர் வழிந்தது. முடிந்தது, கண் போகப் போகிறது என்று நான் அழ ஆரம்பித்தேன். எதற்கு அழுகிறேன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எங்களை ராவெல்லாம் நனைத்த அதே மேகம் கிழக்கில் கலையாமல் நின்றது. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து வெகுநேரம் ஆனபிறகுதான் சாமியின் தலையில் வெயில் விழுந்தது.

"சூரியன் மெதுவாத்தான் எந்திரிச்சாரு பாரு," என்றாள் அம்மா. முந்தின நாள் சாயந்தரத்துக்குப் பிறகு அப்போதுதான் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஊர் திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கியதும், அப்பா பித்தளைப் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு, வீட்டைத் திறந்துவைக்கிறேன் என்று முன்னால் நடந்தார். அவ்வளவு கனத்தோடு அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

தீப்பெட்டி சன்னல் திட்டில் இருந்தது, அவர் சொன்ன அதே இடத்தில். மாமா அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். அந்தக் கதையை அவர் அடுத்த பத்து வருஷம், ஒரு விசேஷம் விடாமல், வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா ஒவ்வொரு தரமும் மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைச் சொறிந்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். "அப்பாவ நம்பி எதையும் குடுக்காதீக," என்றுகூட ஒருதரம் சொன்னேன்.

அன்றைக்கு மாமா கீழே வைத்த தீப்பெட்டியை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் ஓரமெல்லாம் வெள்ளையாகத் தவிடு ஒட்டியிருந்தது. சன்னலைத் துடைத்து எத்தனை நாளாயிற்றோ, இவ்வளவு தூசி என்று நினைத்துக்கொண்டு, பாவாடையில் நன்றாகத் துடைத்து, அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன்.