பூசைக்கு வைத்த கணினி எழும்பவில்லை

கணினி திருத்துகிறவளுக்குத் திருத்தம் பாதி வேலை, கொண்டுவந்தவருக்கு ஆறுதல் சொல்வது மீதி வேலை. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்தான். வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பலர் "மாஸ்டர் இல்லையோ?" என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் என்றதும் இன்னும் கொஞ்சம் கலங்குவார்கள். உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும், வெட்கப்படாமல் வாசியுங்கள்.

தட்டினால் எழும்பும்

செட்டிகுளத்தில் நெல் வாங்கி விற்கிற காசிம் நானா, தன் கணினியைச் சாக்கால் சுற்றி ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இயக்கிப் பார்த்தேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, ஆனால் டிஸ்க்கைக் காணவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம். ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சகுனம் கிடையாது. நாம் சேர்த்து வைத்ததெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது.

எப்போதிருந்து இந்தச் சத்தம் என்று கேட்டேன். நானா சாவகாசமாகச் சொன்னார்: "சத்தம் நோன்புக்கு முன்னமே இருந்தது, தங்கச்சி. பக்கத்தில ரெண்டு தட்டுத் தட்டினா எழும்பும். இப்ப தட்டியும் எழும்பேல்லை. அதான் பழுதாப் போச்செண்டு கொண்டு வந்தனான்."

இரண்டு இடத்தில் பத்திரம்

ரியூஷன் நடத்தும் ஒரு ரீச்சரின் கணினிக்கும் இதே 'டிக், டிக்' வருத்தம். அவாவின் முகத்தில் மட்டும் ஒரு கவலையும் இல்லை. "எல்லாத்தையும் ரெண்டு இடத்தில வைச்சிருக்கிறன். சீ டிரைவிலயும் இருக்கு, டீ டிரைவிலயும் இருக்கு" என்றா.

சீயும் டீயும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பங்குகள், ஒரே வீட்டின் இரண்டு அறைகள் மாதிரி, வீடு இடிந்தால் இரண்டும் போய்விடும் என்று மெல்லச் சொன்னேன். ரீச்சர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. "அப்ப இவ்வளவு காலமும் நான் குசினியில இருந்த சாமானை விறாந்தையில வைச்சுப்போட்டு நிம்மதியா நித்திரை கொண்டனான்."

சந்தனப் பொட்டோடு வந்தது

விஜயதசமி அன்று மத்தியானம் ஓமந்தையில் இருந்து ரமணன் வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். அவன் இறக்கிய கணினிக்கு நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம், விசிறி ஓட்டையில் ஒரு செவ்வரத்தம்பூ. சரஸ்வதி பூசைக்கு நாங்கள் புத்தகம், ஆயுதம், தையல் மெஷின் எல்லாம் வைத்துக் கும்பிடுவோம். அவன் தன் கணினியை வைத்திருக்கிறான். விஜயதசமி காலையில் எடுத்து இயக்கினால், டிக், டிக்.

எனக்கு விளங்கிவிட்டது. தொடங்க நேரமெடுக்கிறது என்று அவன் அந்தக் கணினியை நிற்பாட்டுவதே இல்லை. கிழண்டிப்போன டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்படியோ ஓடும். பூசைக்கென்று ஒருநாள் நிற்பாட்டி ஆறவிட்டால் மறுபடி லேசில் எழும்பாது. உள்ளே ஆவணியில் எடுத்த ஒரு கல்யாணம் முழுதாகக் கிடந்தது. கமராவில் இருந்ததை அவன் அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டான். நான் பூவை எடுத்து ஓரமாக வைத்தேன். ரமணன் தலையில் கை வைத்தபடி சொன்னான்: "அக்கா, படிப்புக்குரிய தெய்வத்துக்கு முன்னால வைச்ச டிஸ்க்கையே வாசிக்கேலாமப் போச்சே."

கை நனைத்தாரா?

அடுத்த நாள், அந்தக் கல்யாணத்து மணப்பெண்ணின் தாய் மகேஸ்வரி அன்ரி நேரே என் கடைக்கு வந்துவிட்டா. தாலி கட்டினது போய்விட்டதோ என்று பயந்துதான் வந்திருக்கிறா என்று நினைத்தேன். டிஸ்க் சில நேரம் தெரியும், சில நேரம் மறையும். தெரிகிற நேரம் பார்த்து என் கணினிக்குக் கல்யாணத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டு பத்திரமாக வந்துவிட்டது என்று போட்டுக் காட்டினேன். அன்ரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தாலி கட்டினது எனக்குத் தெரியும் பிள்ளை, நான் பக்கத்திலதானே நிண்டனான். சாப்பாட்டுப் பந்தி வந்திட்டுதோ?"

பந்திதான் வெளியே வராமல் டிஸ்க்கில் சிக்கியிருந்தது. பிறகுதான் விசயம் தெரிந்தது. முல்லைத்தீவில் இருக்கும் அன்ரியின் அண்ணர் வேலிச் சண்டையில் கதை பேச்சை நிறுத்தியவர். கல்யாணத்துக்கு வந்தார், ஆனால் அன்ரி மணவறையை விட்டு அசைய முடியாத நேரத்தில் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் போனார் என்கிறார்கள் சிலர், முகத்தைக் காட்டிவிட்டுக் கை நனைக்காமல் போனார் என்கிறார்கள் சிலர். கை நனைத்திருந்தால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம், தீபாவளிக்குப் பலகாரத்தோடு அண்ணர் வீட்டுப் படி ஏறலாம். நனைக்காவிட்டால் ஏற முடியாது. அண்ணரிடமே கேட்டால் என்ன என்றேன். "கேக்கிற மாதிரி இருந்தா நான் ஏன் பிள்ளை வீடியோவுக்கு வாறன்?"

பாயாசம்

அந்தக் கிழமை வேறு வேலை ஓடவில்லை. டிஸ்க்கை எழுப்புவதும், கொஞ்சம் இழுப்பதும், அது மறைந்தால் வாய்க்குள் திட்டுவதுமாக இருந்தேன். யாரோ ஒருவர் சோறு சாப்பிட்டாரா என்பதற்காக நான் நேர்ந்துகொண்டது அந்த ஒருமுறைதான். கடைசியில் பந்தியில் ஒரு துண்டு வந்தது. அதற்குப் பிறகு டிஸ்க் ஒரேயடியாகப் போய்விட்டது.

அன்ரியைக் கூப்பிட்டுப் போட்டேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது, சத்தம் இல்லை. பிறகு தெளிந்தது. வரிசைக் கடைசியில் நரைத்த மீசையோடு ஒருவர் இருந்தார். அன்ரி திரையில் விரலை வைத்தா. அவர் சோற்றை வழித்துச் சாப்பிட்டார். பாயாசக்காரர் ஒருதரம் ஊற்றிவிட்டுத் தாண்டிப் போனதும் கையைத் தூக்கி அவரைத் திருப்பிக் கூப்பிட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினா. "ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டு வாங்கினவருக்கு என்ன கோவம்? நான் போய்ப் பலகாரத்துக்கு மா இடிக்கிறன்."

ஆகவே கறுப்புத் திரை கண்ட சக நோயாளிகளே, உங்கள் கணினியையும் பூசைக்கு வையுங்கள், ஆனால் அதற்கு முதல் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஒருநாள் ஓய்வு கொடுத்தால் சரஸ்வதி சந்தோசப்படுவா, பழைய டிஸ்க் அதையே சாட்டாக வைத்துப் படுத்துவிடும்.