செல்லமுத்து கேட்ட தனி

போன சனிக்கிழமை கஹவத்தைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் கச்சேரி கேட்கப் போனேன்.

கச்சேரி என்றால் மேடை, மைக், பொன்னாடை எல்லாம் இல்லை. வரவேற்பறையில் கொஞ்சம் நாற்காலிகள். ஜெர்மன்காரர் ஒருவரின் செல்லோ, கொழும்பிலிருந்து வந்த சகோதரி ஒருவரின் வயலின், அதே தோட்டத்துச் செல்லமுத்துவின் தப்பு. 'உலக இசைச் சங்கமம்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். உலகம் பெரிது, அறை சின்னது... அவ்வளவுதான்.

ஏற்பாடு செய்த நண்பர் என்னைக் கூப்பிட்டது ரசிகனாக அல்ல. ஜெர்மன்காரருக்குத் தமிழ் வராது, செல்லமுத்துவுக்கு ஆங்கிலம் வராது. நடுவில் பேசிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே!

ஆரம்பிப்பதற்கு முன் அடுப்படிப் பக்கம் போனேன். செல்லமுத்து தப்பைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். தோல் சூடேறினால்தான் சத்தம் எழும்பும். ரப்பர் பால் வெட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் எல்லாரும் சுகமா என்று வழக்கம்போலக் கேட்டுத் தொலைத்தேன்.

மனைவி இறந்து சில மாதம்தான் ஆகிறதாம். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் முடிந்திருக்கிறது. கொழும்பில் குண்டு வெடித்த வாரம் அது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், நடுவில் தோட்டத் தமிழர்களான இவர்களுடைய லயன் வரிசை வீடுகள். தப்புச் சத்தம் கேட்டால் யார் என்ன நினைப்பார்களோ என்று லயத்து ஆட்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து உறவுக்காரர்கள் பயந்துபோய் வரவில்லை. தோட்டத்தில் எந்தச் சாவு என்றாலும் முன்னால் நின்று அடிக்கிற மனிதர், சொந்தப் பெண்சாதியைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறார்.

"கரச்சல் வேணாம்னு சொன்னாங்க, நானும் சரின்னுட்டேங்க. ஆனா அவளுக்கு அடிக்காம விட்டுட்டேனே ஐயா... அதுதான் தூங்க விட மாட்டேங்குது."

அழுவதற்குக்கூட அக்கம்பக்கம் பார்க்க வேண்டிய காலம் அது.

அவரே ஓர் உதவி கேட்டார். கச்சேரி முடிவில் கொஞ்ச நேரம் தனியாக அடிக்க விடுவார்களா? எதற்கென்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை. ஜெர்மன்காரரிடம் 'தனி' என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

கச்சேரி நன்றாகவே இருந்தது. வயலினில் சிவரஞ்சனி இழைய, செல்லோ கீழே இறங்கி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு காமன் கூத்துத் தாளத்தோடு தப்பு சேர்ந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசியில் செல்லமுத்துவின் முறை. தப்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிவிட்டார். சாவு விழாத வீட்டுக்குள் அந்த அடி ஆகாது. விருந்தினர்களோ இதுவும் நிகழ்ச்சியில் ஒரு புதுமை என்று நினைத்து, நாற்காலிகளை வராந்தாவுக்கு இழுத்துப்போட்டார்கள்.

முதல் அடி விழுந்ததுமே, வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லயத்து ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். பாடையைத் தூக்கும்போது அடிக்கிற அடி அது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். வயலின் சகோதரிக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். விருந்தினர்கள் காலால் தாளம் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? சாவுக்கொட்டு யாரையும் ஆட வைக்கும். எனக்குத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

முடிந்ததும் கைதட்டல் என்றால் கைதட்டல்! எல்லாரும் எழுந்து நின்றார்கள். 'ஒன்ஸ் மோர்' என்று ஒரு குரல், கூடவே நாலைந்து. ஜெர்மன்காரர் என்னைப் பார்த்தார். நான் முற்றத்துக்கு இறங்கி, இன்னொரு தடவை கேட்கிறார்கள் என்று செல்லமுத்துவிடம் சொன்னேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒருத்தர ஒருக்காத்தாங்க தூக்குறது. அன்னிக்கு வாசல்ல ஆளே இல்ல. இன்னிக்கு இத்தன பேரு எந்திரிச்சு நிக்கிறாங்க... அவளுக்கு அது போதும்னு சொல்லிருங்க ஐயா."

மனைவியின் கதையையும் சேர்த்து, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த கைகள் மெல்ல இறங்கின. ஆனால் ஒருவரும் உட்காரவில்லை.

கைதட்ட எழுந்தவர்களையெல்லாம் துக்கத்துக்கு வந்தவர்களாகச் சேர்த்துக்கொண்டாரே மனிதர்... நமக்கு வருமா அந்த மனசு?