சிவப்பு எண்கள் பில்லில் வராது

வாசலில் நின்று "ரீடிங்!" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பார். கதவைத் தட்டமாட்டார், மணியை அடிக்கமாட்டார். முப்பத்தெட்டு வருடமாக மாதம் நானூற்றுப் பன்னிரண்டு வாசல்களில் இந்தக் குரல் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது. தெருவுக்கு ரீடிங்காரர், தண்ணீர் வாரிய அலுவலகத்துக்கு ரீடிங் சார், மனைவியின் தம்பிக்கு ரீடிங் மாமா. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது.

தண்ணீர் மீட்டரில் எட்டு எண்கள் உண்டு. ஐந்து கறுப்பு, மூன்று சிவப்பு. கறுப்பு ஆயிரம் லிட்டர்களைச் சொல்லும், சிவப்பு சில்லறையைச் சொல்லும். வாரியத்தின் கையேட்டில் ஏழாம் பக்கம் இப்படிப் போட்டிருந்தது: "கறுப்பு எண்களை மட்டும் பதிவு செய்க. சிவப்பு எண்கள் பில்லில் வராது." வேலைக்குச் சேர்ந்த அன்று படித்தார். அதன்பிறகு பணி நேரத்தில் அவர் கை ஒரு சிவப்பு எண்ணை எழுதியதில்லை. கதவு பூட்டியிருந்தால் "பூட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் வருவார். குத்துமதிப்பாக எதையும் எழுதமாட்டார். பக்கத்து வட்டத்து ரீடர் மழை நாளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு தெருவை முடித்துவிடுவது அவருக்குத் தெரியும். அந்த மனிதரோடு அவர் டீ குடிப்பார், சிரிப்பார், ஆனால் பேனாவை மட்டும் இரவல் கொடுக்கமாட்டார்.

அவருக்கு ஒரு வங்கியில் முந்நூறு பங்குகள் இருந்தன. அது வந்த கதை இப்படி. இருபத்தேழு வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் வாங்க மூவாயிரம் சேர்த்து வைத்திருந்தார். அந்த மாதம் வங்கியின் பின்கட்டில் மீட்டர் குழிக்குள் தலையை விட்டு ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் அங்கே வந்தார்.

"வாடிக்கையாளருக்குப் பங்கு குடுக்கறோம். ஒண்ணு பத்துதான். உங்களுக்கும் இங்க கணக்கு இருக்கே, ஒரு ஃபாரம் எழுதிக் குடுங்களேன்" என்றார்.

ரீடிங்காரர் ஃபாரத்தைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினார். ஒன்பது வருடமாக அந்த வங்கியின் மாதத் தண்ணீர்ச் செலவு ஆயிரம் லிட்டர் கணக்கில் நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஒரு மாதம்கூட எகிறவில்லை, ஒரு பில்கூட பாக்கியில்லை. "தண்ணியையே இப்படிப் பாத்துச் செலவு பண்றவங்க, பணத்தைக் கன்னாபின்னான்னு செலவு பண்ணமாட்டாங்க" என்று மனைவியிடம் சொல்லி, மூவாயிரத்தையும் கட்டிவிட்டு, அந்த வருடமும் அதற்குப் பிறகும் நடந்தே போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பங்குக்குப் பெயர் மோட்டார் சைக்கிள். மாதம் ஐந்தாம் தேதி அவர் வங்கி மீட்டரைப் பார்த்துவிட்டு, முன்கூடத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் பங்கின் விலையையும் பார்த்து, தன் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். "என்னங்க, மோட்டார் சைக்கிள் எப்படி ஓடுது?" என்று மனைவி கேட்பாள். "ஓடுது, ஓடுது" என்பார்.

மனைவி திரைச்சீலை தைப்பவள். வீடு மூன்றாம் மாடி, ஐம்பத்து நான்கு படி, லிஃப்ட் கிடையாது. துணி உருண்டை ஒவ்வொன்றும் அந்தப் படிகளில் ஏறித்தான் வரவேண்டும், தைத்த திரை இறங்கித்தான் போகவேண்டும். இரண்டு வருடமாக அவளுடைய வலது முழங்கால் தகராறு செய்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தாள், உட்கார்ந்து போக. இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் கட்டடத்தில் தரைத்தள வீடு ஒன்று காலியானது. முன்பக்க அறையில் தையல் மெஷினைப் போட்டால் வாடிக்கையாளர் ஜன்னல் வழியாகவே அளவு கொடுத்துவிட்டுப் போகலாம். முன்பணம் நாற்பத்தெட்டாயிரம். "முப்பதாம் தேதி வரைக்கும் யாருக்கும் குடுக்கமாட்டேன்மா. அதுக்கப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். மோட்டார் சைக்கிளை விற்றால் வீடு. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சமயம் பார்த்துத்தான் நாடே வங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்த வங்கியை அரசாங்கமே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று சபையில் ஒரு மசோதா வந்திருந்தது. எடுத்தால்தான் ஏழைக்குக் கடன் கிடைக்கும் என்று ஒரு கட்சி, எடுத்தால் வங்கி குட்டிச்சுவர் என்று இன்னொரு கட்சி. நானூற்றுப் பன்னிரண்டு வாசலிலும் அதே பேச்சு. ரீடிங்காரர் குனிந்து எண் பார்க்கும் நேரத்தில் தலைக்கு மேலே ஒரு சொற்பொழிவு நடக்கும்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "ரீடிங்காரரே, நான் என்கிட்ட இருந்ததைப் போன வாரமே தள்ளிவிட்டுட்டேன். நீங்க இன்னும் கட்டிப் புடிச்சிக்கிட்டா இருக்கீங்க? அரசாங்கம் என்ன குடுக்கும்னு நெனக்கிறீங்க, நன்றிக் கடிதம்தான் குடுக்கும்!"

மனைவியின் தம்பி வேறு கட்சி. பஸ் கண்டக்டர், சங்கத்தில் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பத்து நான்கு படியும் ஏறி மூச்சு வாங்க வந்து, வாசலிலேயே ஆரம்பித்தான்.

"வங்கி மக்களோடது மாமா. பங்கு வச்சிருக்கிற நாலு முதலாளிக்காகவா அது நடக்கணும்?"

"அந்த நாலு முதலாளியில ஒருத்தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கே. மொதல்ல உக்காரு மாப்ள. லிஃப்ட் வைக்கக்கூட வக்கில்லாத முதலாளி."

"முந்நூறு பங்கு வச்சிருக்கீங்க இல்ல?"

"ஆமா. வங்கியில மொத்தம் ரெண்டு கோடிப் பங்கு. என் பங்குக்கு அந்தக் கட்டடத்துல ஒரு செங்கல் வரும். அதுவும் பாதி ஒடஞ்சதா இருக்கும்."

"டேய், காபி ஆறுது. புரட்சியக் குடிச்சிட்டுப் பண்ணு" என்றாள் அக்கா.

ஐந்தாம் தேதி சாயங்காலம் அவள் கணக்குப் போட உட்கார்ந்தாள். கணவரின் சொந்த நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். நான்கு மாதம் முந்தைய பதிவு 240. அதற்குக் கீழே நான்கு மாதமும் ஒரே சொல்: பூட்டு, பூட்டு, பூட்டு, பூட்டு.

"என்னங்க இது? வங்கி நாலு மாசமாப் பூட்டியா இருந்துச்சு?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இல்ல."

"அப்புறம்?"

விஷயம் இதுதான். வங்கியில் தாளை எடுத்துவிட்டு ஐந்து மாதமாகப் புதிதாக ஒரு மின்திரை வைத்திருந்தார்கள். நேற்றைவிட விலை கூடினால் எண் கறுப்பில் வரும், குறைந்தால் சிவப்பில் வரும். முதல் மாதம் கறுப்பாக இருந்தது, எழுதினார். அடுத்த மாதம் எண் சிவப்பாக இருந்தது. அவர் கண் வழக்கம்போல அதைத் தாண்டிப் போய்க் கறுப்பைத் தேடியது, கறுப்பு எதுவும் இல்லை, கை தானாகவே "பூட்டு" என்று எழுதிவிட்டது. வாசலுக்கு வந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. திரும்பிப் போய்த் திருத்தியிருக்கலாம். போகவில்லை. அடுத்த மூன்று மாதமும் தெரிந்தே செய்தார்.

"சிவப்பா இருந்துது" என்றார்.

அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "கதவு தொறந்திருந்த வீட்டுக்குப் பூட்டுன்னு எழுதியிருக்கீங்க. பக்கத்து வட்டத்துக்காரர் டீக்கடையில உக்காந்து எழுதறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

முப்பத்தெட்டு வருடத்தில் மேலதிகாரிகூட அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டார், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி கழற்றினார்.

"எறங்குறதப் பாக்கப் பயமா இருந்துது. உன் முட்டிய நெனச்சுக்கிட்டேன்" என்றார் கடைசியில்.

அவள் குரல் இறங்கியது. "பயமா இருந்தா என்கிட்ட கேளுங்க. குழாய் ஒழுகுதான்னு கேட்டு வர்றவங்களுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

"எல்லாக் குழாயையும் மூடிட்டு, மீட்டர்ல சிவப்பு நம்பரப் பாருங்கன்னு சொல்லுவேன். நின்னா கசிவு இல்ல. ஓடினா எங்கயோ ஒழுகுது."

"பில்லுக்குத்தான் கறுப்பு. கசிவுக்கு சிவப்பு. அப்போ இதுக்கும் அதத்தானே பாக்கணும்?"

"இதுக்கு எந்தக் குழாய மூடறது? ஊரே கத்துது."

"ரேடியோ கேக்கலியா? சபைக்கு நாளையிலேர்ந்து பன்னெண்டு நாள் லீவு. எல்லாக் குழாயும் மூடியாச்சு. போய்ப் பாருங்க."

அவர் பொத்தான்களை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கீழே இறங்கிப் போய்ச் சிவப்புப் பேனா ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்பு மை தணிக்கைக்காரர்களின் மை. அது அவர் சட்டைப் பையில் ஏறியது அன்றைக்குத்தான்.

ஆறாம் தேதி காலை பதினொரு மணி. திரையில் சிவப்பில் 158. முந்நூறால் பெருக்கினால் நாற்பத்தேழாயிரத்து நானூறு. வீட்டுக்கு அறுநூறு குறைகிறது. சேதி மைத்துனன் காதுக்குப் போனது. அன்று சாயங்காலமே பணப்பையோடு வந்து நின்றான்.

"மாமா, அறுநூறு நான் தர்றேன். மொத்தத்தையும் வித்துட்டு அக்காவக் கீழ எறக்குங்க. கொள்கை வேற, முட்டி வேற."

"இன்னும் பத்து ரூவா எறங்கினா?" என்று கேட்டார் ரீடிங்காரர்.

"அதுக்குத்தான் இன்னிக்கே விக்கச் சொல்றேன்!"

அவன் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கு விற்றால் வீடு நிச்சயம், பங்கு ஒன்றும் மிஞ்சாது. காத்திருந்து விலை இன்னும் இறங்கினால் இரண்டும் போகும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு தடவ பாத்துட்டு ஒழுகுதுன்னு எழுதிடுவீங்களா?"

எழுதமாட்டார். பணப்பையை மைத்துனன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளில் வங்கி திறந்திருந்த எட்டு நாளும் பதினொரு மணிக்கு அவர் திரை முன்னால் நின்றார். காவலாளி இரண்டாம் நாள் ஸ்டூல் போட்டான், நான்காம் நாள் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

"சார், எங்க வங்கி ஓடிடுமா?"

"பின்கட்டுல மாசம் நாப்பத்தொண்ணு ஓடுது. இருபத்தேழு வருஷமா அதேதான். வேற எதுவும் ஓடற மாதிரி தெரியல."

நோட்டில் சிவப்பும் கறுப்புமாக எட்டு பதிவு விழுந்தது: 158, 159, 158, 158, 157, 158, 159, 158. எட்டாவதை எழுதியதும் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தார். பூஜ்யம். மீட்டர் நின்றிருந்தது. சபையில் கத்தினால் விலை இறங்குகிறது, கத்தாவிட்டால் அப்படியே இருக்கிறது. குழாய்தான் திறந்திருந்தது, குழாயில் ஓட்டை இல்லை.

"கசிவு இல்ல" என்று வீட்டில் வந்து சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மெஷின் அன்று கொஞ்சம் வேகமாக ஓடியது.

பதினெட்டாம் தேதி சபை மறுபடி கூடியது. மறுநாள் விலை 151. அவர் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். "தொறந்துவிட்டுட்டாங்க" என்றாள் அவள். அந்த வாரம் அவள் இரண்டாம் மாடி ஸ்டூலில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்ததை அவர் கவனித்தார், துணி உருண்டைகளைத் தானே தூக்கினார்.

இருபத்து நான்காம் தேதி வாக்கெடுப்பு. இரண்டு பக்கமும் விடிய விடியப் பேசித் தீர்த்தது போக, அரசாங்கம் நூற்றுக்கு நாற்பது பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும், அதற்கும் சந்தை விலை கொடுக்கும், மிச்சப் பங்கு வைத்திருப்பவர்களிடமே இருக்கும் என்று முடிவானது. மருந்துக்கடைக்காரர் இது நாட்டுக்குத் தோல்வி என்றார். மைத்துனன் இது பாதி வெற்றி என்றான். இருபத்தாறாம் தேதி பதினொரு மணிக்குத் திரையில் 205 என்று இருந்தது. கறுப்பில்.

அவர் இருநூற்று முப்பத்தைந்து பங்கை விற்றார். நாற்பத்தெட்டாயிரத்து நூற்று எழுபத்தைந்து வந்தது. தரகு நூற்று இருபது போக, முன்பணத்துக்கு மேல் ஐம்பத்தைந்து மிஞ்சியது. அதில் காவலாளிக்கும் தமக்கும் டீ வாங்கினார். இருபத்தேழாம் தேதி நர்ஸ் சாவியைக் கொடுத்தார்.

வீடு மாறிய அன்று மைத்துனன் சங்கத்து ஆட்கள் மூன்று பேரோடு வந்தான். இரும்பு பீரோவை ஐம்பத்து நான்கு படியும் இறக்கினார்கள். "முதலாளி, அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க! உழைக்கும் வர்க்கம் நசுங்குது!" என்று அவன் படிக்கட்டே அதிரக் கத்தினான். இரண்டாம் மாடித் திருப்பத்து ஸ்டூலைக் கடைசியாக அவள் தானே எடுத்துக்கொண்டாள். புது வீட்டில் அது ஜன்னலுக்கு வெளியே போனது, அளவு கொடுக்க வருபவர்கள் உட்கார.

சாமான் அடுக்கி முடித்த பிற்பகலில் ரீடிங்காரர் தன் நோட்டை விரித்தார். பதிவில் தவறு நேர்ந்தால் அழிக்கக்கூடாது, ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டும் என்பது கையேட்டின் பதினொன்றாம் பக்கம். வங்கியில் கேட்டு வாங்கி வந்திருந்த நான்கு ஐந்தாம் தேதிகளின் விலையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பூட்டு, பூட்டு, பூட்டு, பூட்டு: நான்கின்மேலும் கோடு போட்டார். 231, 209, 187, 160 என்று சிவப்பு மையில் எழுதினார். கையெழுத்து, தேதி. மை காயும்வரை பக்கத்தை மூடாமல் வைத்திருந்தார். முந்நூற்றுச் சொச்சம் பதிவிலும் இப்போது உண்மையில்லாத சொல் ஒன்றும் இல்லை.

முன்னறையில் மெஷின் நின்றது.

"என்னங்க, மிச்சம் எத்தன இருக்கு?"

"அறுபத்தஞ்சு."

"அப்போ இனிமே அது மோட்டார் சைக்கிள் இல்ல, சைக்கிள்தான்" என்றாள். "எப்படி ஓடுது?"

அன்று தேதி நான்கு. "நாளைக்குத்தான் தெரியும். பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.